கார்டு கட்டணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லும் கம்பெனிக்குப் பணம் கட்டலாமா?

செந்தூலிலிருந்து எழுதிய சகோதரியின் கேள்வி இது. இரண்டு கிரெடிட் கார்டுகளில் பல வருடமாக லேட் சார்ஜ், வட்டி, தான் கேட்டதாக நினைவே இல்லாத ஒரு காப்புறுதிப் பிடித்தம் என்று நிறையப் பணம் போயிருக்கிறது. இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு கம்பெனி வந்து, ஆறு வருடக் கட்டணத்தையும் பேங்கிலிருந்து மீட்டுத் தருகிறோம், பதிவுக்கு 350 ரிங்கிட் கட்டுங்கள், கிடைப்பதில் 30 சதவீதம் எங்களுக்கு என்கிறது. லண்டனில் இருக்கும் சித்தப்பாவுக்கு இப்படி ஒரு கம்பெனி மூலம்தான் பெரிய தொகை கிடைத்ததாம். அதனால் நம்பலாமா என்று கேட்கிறார். கேள்வி கம்பெனியைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அவர் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு விஷயம். பேங்க் எடுத்த பணத்தில் எது திரும்பி வரக்கூடியது? அதை நாமே கேட்டால் கொடுப்பார்களா?

கோலாலம்பூரில் ஒரு பேங்கின் கார்டு பிரிவில், புகார்களைப் பார்க்கும் மேசையில் பல வருடம் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு பினாங்கில் தெரிந்தவர்களுக்கும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் பேங்குக்குக் கடிதம் எழுதித் தருகிறேன். வழக்கறிஞர் இல்லை. உங்கள் ஸ்டேட்மென்டையும் நான் பார்க்கவில்லை. அதனால் விதி என்ன என்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் பணம் எவ்வளவு திரும்பும் என்பதைச் சொல்ல மாட்டேன். ஸ்டேட்மென்டைப் பார்க்காமலே தொகை சொல்லும் எவரையும் நீங்கள் நம்ப வேண்டாம்.

முதலில் சித்தப்பாவின் கதை. அது பொய்யில்லை. இங்கிலாந்தில் கடனோடும் கார்டோடும் சேர்த்து ‘பி.பி.ஐ.’ என்ற கடன் பாதுகாப்புக் காப்புறுதியை லட்சக்கணக்கானவர்களுக்குத் தவறான முறையில் விற்றார்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் போல, அந்தக் காப்புறுதியில் ஒரு காசுகூடக் கோர முடியாதவர்களுக்கும் தலையில் கட்டினார்கள். நிதிக் கண்காணிப்பு அமைப்பும் நீதிமன்றமும் பேங்குகளுக்கு எதிராக நின்றதால் பணம் திரும்பி வந்தது. மொத்தம் 3,800 கோடி பவுனுக்கு மேல். புகார் கொடுக்கக் கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29. அந்த அலையில்தான் இந்த மாதிரிக் கோரிக்கைக் கம்பெனிகள் அங்கே பெருகின. ஆனால் அதே நாட்டில், கணக்கில் இருப்பை மீறினால் பேங்க் வாங்கும் கட்டணம் நியாயமற்றது என்று நடந்த பெரிய வழக்கில் 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பேங்குகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதை நம்பிக் காத்திருந்த ஏராளமான கோரிக்கைகள் அத்தோடு படுத்துவிட்டன. ஒரே நாடு, ஒரே கம்பெனிகள். ஒரு வகைக் கட்டணம் வந்தது, இன்னொரு வகை வரவில்லை. கட்டணம் எந்த வகை என்பதுதான் முடிவு செய்தது, கேட்டது யார் என்பது இல்லை. அப்புறம், அங்கேயும் பேங்குக்கு நேராக எழுதியவர்களுக்கும் ஓம்புட்ஸ்மன் என்ற இலவசப் புகார் நடுவரிடம் போனவர்களுக்கும் அதே பணம் முழுசாகக் கிடைத்தது. கம்பெனி வழியாகப் போனவர்கள் அதில் ஒரு பங்கை இழந்தார்கள். பங்கு அளவு மீறிப் போனதால் 2018 ஜூலையிலிருந்து 20 சதவீதமும் அதற்கான வரியும்தான் உச்சம் என்று அங்கே சட்டம் போட்டார்கள். உங்களிடம் கேட்பது 30 சதவீதம், மேலே முன்பணம் வேறு.

மலேசியாவில் அப்படி எல்லா பேங்கையும் ஒரே அடியில் பணம் திருப்பிக் கொடுக்கச் சொன்ன உத்தரவு கிடையாது. இங்கே ஸ்டேட்மென்டை ஒவ்வொரு வரியாகத்தான் பார்க்க வேண்டும். வராதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்டுக்கு வருடா வருடம் 25 ரிங்கிட் சேவை வரி. 2018 செப்டம்பரிலிருந்து இருக்கிறது, அது அரசாங்கத்துக்குப் போகும் பணம். லேட் சார்ஜ் என்பது நிலுவையில் 1 சதவீதம் அல்லது 10 ரிங்கிட், இரண்டில் எது அதிகமோ அது. ஆனால் 100 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. நிலுவை 3,200 என்றால் 32 ரிங்கிட். இந்த அளவுக்குள் இருந்து, நீங்கள் உண்மையாகவே தாமதமாகக் கட்டியிருந்தால், அதை அநியாயம் என்று வாதாடி வாங்க முடியாது. வட்டியும் அப்படித்தான். 12 மாதமும் மினிமம் தொகையைத் தவறாமல் கட்டியவருக்கு 15, பத்து மாதமாவது கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18 சதவீதம் என்பது உச்ச அளவு. கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். 1,000 ரிங்கிட்டுக்கு 18 சதவீதத்தில் நாளுக்கு ஏறக்குறைய 49 சென், அதற்கு மேல் எடுப்புக் கட்டணம் தனி.

வட்டியில் ஒரு விஷயம் பலருக்கும் அநியாயமாகத் தெரியும். நிலுவை 3,200. நீங்கள் 3,000 கட்டிவிட்டு 200 மட்டும் பாக்கி வைக்கிறீர்கள். அடுத்த ஸ்டேட்மென்டில் அந்த 200-க்கு மட்டும் வட்டி வரும் என்று நினைப்பீர்கள். வராது. முழுத் தொகையையும் கட்டாததால் வட்டியில்லாக் காலச் சலுகையே போய்விடுகிறது. நீங்கள் கட்டிய 3,000-க்கும், செலவு கணக்கில் ஏறிய நாளிலிருந்து கட்டிய நாள் வரை வட்டி போடுவார்கள். என் மேசைக்கு வந்த புகார்களில் அடிக்கடி வந்தது இதுதான். மனம் கஷ்டப்பட்டாலும் இது ஒப்பந்தத்தில் இருக்கிறது, விதிக்கும் உட்பட்டது.

இனி வரக்கூடியவை. நீங்கள் நேரத்தோடு கட்டியும் பேங்க் பக்கத்துத் தாமதத்தால் விழுந்த லேட் சார்ஜ், அதைத் தொடர்ந்து வந்த வட்டி. ஒரே கட்டணம் இரண்டு முறை விழுந்தது. 12 மாதம் ஒழுங்காகக் கட்டியும் 18-லேயே வைத்திருந்த வட்டி. இதை யாருமே சரி பார்ப்பதில்லை, பார்த்தால் சில சமயம் நல்ல தொகை நிற்கும். கடை திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் போட்ட வட்டி. நீங்கள் செய்யாத பரிவர்த்தனை. கார்டு தொலைந்தோ திருடு போயோ இருந்து, நீங்கள் மோசடி எதுவும் செய்யாமல் உடனே தெரிவித்திருந்தால் உங்கள் பொறுப்பு 250 ரிங்கிட்டைத் தாண்டாது. வருடக் கட்டணம் சட்டப்படி திரும்ப வேண்டியது இல்லை, ஆனால் ஒரு ஃபோன் செய்து கார்டை ரத்து செய்வதாகச் சொன்னால் பெரும்பாலும் தள்ளுபடி செய்துவிடுவார்கள். நல்ல வாடிக்கையாளராக இருந்து ஒரு மாதம் தவறியவருக்கு அந்த ஒரு லேட் சார்ஜையும் தயவாக விட்டுக் கொடுப்பதுண்டு. இரண்டையும் உரிமையாகக் கேட்க முடியாது, சலுகையாகத்தான் கேட்க முடியும்.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் காப்புறுதிப் பிடித்தம். பேங்குக்கு பேங்க் பெயர் மாறும். மாதாமாதம் நிலுவையில் ஒரு சிறு சதவீதம் போகும். இறந்தால், நிரந்தர ஊனம் வந்தால் கார்டுக் கடனைக் காப்புறுதி கட்டும் என்பது ஏற்பாடு. இதைப் பெரும்பாலும் ஃபோனில் விற்பார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழைப்பு வரும், வேகமாகப் பேசுவார்கள், முதல் சில மாதம் இலவசம் என்பார்கள், நீங்கள் “சரி சரி” என்று வைத்துவிடுவீர்கள். அந்த “சரி”தான் உங்கள் சம்மதம் என்று பேங்க் சொல்லும். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது பணத்தை இல்லை. முதலில் ஆதாரத்தைக் கேளுங்கள். எந்தத் தேதியில், எந்த வழியில் நான் சம்மதித்தேன்? கையெழுத்திட்ட படிவமோ குரல் பதிவோ இருக்கிறதா? விலையும் நிபந்தனையும் எழுதிய விளக்கத் தாளை எனக்கு எப்போது அனுப்பினீர்கள்? அந்தச் சமயத்தில் என் வேலை, வயது, உடல்நிலை கேட்டீர்களா? பேங்கால் பதிவைக் காட்ட முடியவில்லை என்றால் உங்கள் பக்கம் வலுவானது; முதல் மாதத்திலிருந்து பிடித்ததையும், அந்தப் பிடித்தத்தின் மேல் ஏறிய வட்டியையும் சேர்த்துக் கேட்கலாம். பதிவு இருந்து, அதில் விலையையும் நிபந்தனையையும் தெளிவாகச் சொல்லியிருந்தால் பழைய பணம் திரும்புவது கஷ்டம். இனிமேல் பிடிக்காமல் நிறுத்தலாம், அவ்வளவுதான். பதிவு இருந்தும் இலவசம் என்று மட்டும் சொல்லி விலையை விழுங்கியிருந்தால்? அது நடுவில் நிற்கும் விஷயம். பாதி கொடுத்து முடித்ததையும் கண்டிருக்கிறேன், ஒன்றும் கொடுக்காததையும் கண்டிருக்கிறேன். இதைத் தவிர இன்னொரு கேள்வியும் உண்டு. நீங்கள் அந்தக் காப்புறுதியில் எப்போதாவது கோரியிருந்தால், அல்லது பல வருடம் ஸ்டேட்மென்டில் பார்த்துக்கொண்டே சும்மா இருந்திருந்தால், பேங்க் அதைத் தன் பக்கத்து வாதமாக வைக்கும். அதற்காகக் கேட்காமல் விட வேண்டாம்.

கேட்கும் விதம் இப்படி. ஆறு வருடத்துக்கு மேற்பட்டதைப் பொதுவாக மறந்துவிடுங்கள். 1953-ஆம் வருட காலவரையறைச் சட்டப்படி ஒப்பந்தக் கோரிக்கைக்கு ஆறு வருடம்தான். கம்பெனி சொல்லும் அந்த ஆறு வருடக் கணக்கு இந்தச் சட்டத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். ஆன்லைனில் கிடைக்கும் ஸ்டேட்மென்டுகளை இறக்கிக்கொள்ளுங்கள், பழையதை பேங்கில் கேளுங்கள்; அதற்குச் சிறு கட்டணம் இருக்கலாம். ஒரு தாளில் தேதி, விவரம், தொகை என்று சந்தேகமான வரிகளை மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றையும் போட்டு 80 வரி அனுப்பினால் படிக்கும் அதிகாரி மொத்தத்தையும் ஒரே பதிலில் தள்ளிவிடுவார். வலுவான ஆறு வரி போதும். கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். என்ன நடந்தது, எந்த வரி, ஏன் தவறு, எவ்வளவு திருப்ப வேண்டும், எந்தத் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். கோபத்தை எழுத வேண்டாம். இதை வாடிக்கையாளர் சேவை எண்ணில் சொல்லி விட்டுவிடாமல் பேங்கின் புகார்ப் பிரிவுக்கே மின்னஞ்சலில் அனுப்பி, குறிப்பு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 14 நாளில் பதில் வரும். சிக்கலானதென்றால் கூடுதல் நாள் கேட்பார்கள்.

பேங்க் மறுத்தால், அல்லது 60 நாளாகியும் பதில் இல்லையென்றால், நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். சுருக்கமாக எஃப்.எம்.ஓ.எஸ். முன்பு ஓ.எஃப்.எஸ். என்று இருந்ததும், பங்குச் சந்தைத் தகராறுகளைப் பார்த்த சித்ரெக்கும் சேர்ந்து 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. பேங்கின் கடைசிப் பதில் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இந்தத் தேதியைத் தவற விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பொதுவாக 2,50,000 ரிங்கிட் வரையிலான தகராறை எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு ஒரு சென் செலவில்லை. முதலில் இரண்டு பக்கத்தையும் பேச வைத்துச் சமரசம் பார்ப்பார்கள். ஆகவில்லையென்றால் ஓம்புட்ஸ்மன் தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் பேங்க் கட்டுப்பட்டே ஆக வேண்டும். நீங்கள் ஏற்கவில்லையென்றால் நீதிமன்றம் போகும் உரிமை அப்படியே இருக்கும். ஆனால் ஒரு எல்லை உண்டு. “உங்கள் வட்டி அதிகம், கட்டணம் அதிகம்” என்ற பொதுவான விலைப் புகாரையும், கடன் கொடுக்கவில்லை என்ற புகாரையும் அவர்கள் எடுக்க மாட்டார்கள். சொன்னபடி நடக்கவில்லை, சொல்லாமல் பிடித்தார்கள், தவறாகக் கணக்கிட்டார்கள் என்பது அவர்கள் வேலை. உங்கள் காப்புறுதிப் பிடித்தம் அதற்குள் வரும். 18 சதவீத வட்டி அதிகம் என்ற புகார் வராது. வழி தெரியாமல் நின்றால், நாட்டின் மத்திய பேங்கான பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணில் கேளுங்கள், எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். பினாங்குப் பக்கம் இருப்பவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தையும் அணுகலாம், தமிழிலேயே பேசலாம்.

இப்போது அந்தக் கம்பெனிக்கு வருவோம். அவர்கள் உங்களுக்காகச் செய்யக்கூடியது மேலே சொன்ன அதே கடிதமும் அதே ஓம்புட்ஸ்மன் படிவமும்தான். பேங்கிடம் அவர்களுக்குத் தனி வாசல் கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பேங்க் 480 ரிங்கிட் திருப்பித் தந்தது என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம் என்றால் 144. முன்பணம் 350. மொத்தம் 494. வென்ற பிறகும் உங்கள் கையிலிருந்து 14 ரிங்கிட் போயிருக்கும். கிடைக்காவிட்டால் 350 முழுசாகப் போச்சு. வழக்கறிஞர் குழு வைத்திருக்கிறோம், ஜெயித்தால்தான் பங்கு என்று அவர்கள் சொன்னால் இன்னும் கவனமாக இருங்கள்: வென்றால் மட்டும் கட்டணம் என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடுவதை 1976-ஆம் வருட வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. வழக்கறிஞர் இல்லாத ஒருவர் உங்கள் சார்பில் வழக்குப் போடுவேன் என்று மிரட்டிக் கடிதம் எழுதிக் காசு வாங்குவதும் அதே சட்டத்தில் குற்றம். கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டுவார்கள். அது கம்பெனி இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. ரொட்டிச் சானாய் கடைக்கும் அந்தப் பதிவு உண்டு. பேங்க் நெகாராவின் நிதிப் பயனீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லை என்பதால் மட்டும் நல்லவர்கள் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

எல்லாக் கம்பெனியும் ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். வேலையைச் செய்பவர்களும் இருக்கலாம். ஆனால் மூன்று வார்த்தையைக் கேட்டால் உடனே விலகிவிடுங்கள். முதலாவது, “கோரிக்கை முடியும் வரை கார்டுக்குக் கட்டாதீர்கள்”. இது உங்களைக் குழியில் தள்ளும். தாமதம், பேங்குகள் கடன் கொடுக்குமுன் பார்க்கும் சி.சி.ஆர்.ஐ.எஸ். கடன் பதிவில் ஏறும், அது கடந்த 12 மாதத்தைக் காட்டும். லேட் சார்ஜும் வட்டியும் மேலே மேலே ஏறும். அடுத்து வீட்டுக் கடனோ கார் கடனோ கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். தகராறு நடக்கும்போதும் மினிமம் தொகையைக் கட்டிக்கொண்டே கேளுங்கள். இரண்டாவது, ஆன்லைன் பேங்கிங் பாஸ்வேர்டு, ஓ.டி.பி., கார்டின் பின்பக்க எண். எந்தக் கோரிக்கைக்கும் இவை தேவையில்லை. நீங்களாகக் கொடுத்துவிட்டால், பிறகு பணம் போனாலும் உங்கள் அலட்சியம் என்று பேங்க் கை விரிக்கும். மூன்றாவது, எதற்கென்று எழுதாத வெற்று அதிகாரக் கடிதத்தில் கையெழுத்து. உங்கள் கணக்கு விவரத்தை பேங்க் மற்றவருக்குச் சொல்லக் கூடாது என்பது 2013-ஆம் வருட நிதிச் சேவைச் சட்டம். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அந்தக் கதவு திறந்துவிடும். என்ன விவரம், எந்தக் கணக்கு, எந்தத் தேதி வரை என்று எல்லை போடாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் யாரிடமும் காசு கொடுத்து உதவி கேட்கவே கூடாதா? வீட்டுக் கடன் கணக்குத் தவறு, பேங்கின் தவறால் வீடு ஏலத்துக்குப் போகும் நிலை, ஓம்புட்ஸ்மன் எல்லையை மீறிய தொகை என்றால் முறையான வழக்கறிஞரிடம் போங்கள், கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு. கார்டுக் கட்டணத்துக்கு வேண்டாம். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். அதற்கு மேல் ஆள் தேவையில்லை. உங்கள் நிலைமை கட்டணத்தைத் தாண்டி, இரண்டு கார்டுக்கும் மினிமம் மட்டுமே கட்ட முடிகிறது என்றால், நீங்கள் போக வேண்டிய இடம் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்பு. 2006-இல் பேங்க் நெகாரா தொடங்கியது, ஆலோசனை இலவசம், பேங்குகளோடு பேசித் தவணையை மாற்றியமைத்துத் தருவார்கள். திரும்பி வரும் சில நூறு ரிங்கிட்டைவிட, வருடம் 18 சதவீதம் ஓடும் நிலுவையைக் குறைப்பதுதான் உங்களுக்குப் பெரிய லாபம் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று, நீங்கள் எழுதவில்லை என்றாலும் கேட்க வேண்டியிருக்கிறது: ஐ.சி. நகலையோ பணத்தையோ ஏற்கனவே அனுப்பிவிட்டீர்களா? அனுப்பியிருந்தால், கொடுத்த அதிகாரத்தை ரத்து செய்கிறேன் என்று கம்பெனிக்கும் பேங்குக்கும் இன்றே மின்னஞ்சல் போடுங்கள். பாஸ்வேர்டோ ஓ.டி.பி.யோ போயிருந்தால் மின்னஞ்சலுக்கு உட்கார வேண்டாம். நேராக பேங்குக்கும் தேசிய மோசடி உதவி எண் 997-க்கும் ஃபோன் செய்து, பிறகு போலீஸ் ரிப்போர்ட் போடுங்கள். 350 ரிங்கிட் மட்டும் போயிருந்து அவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்றால், பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி அதைத் திரும்பக் கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம். பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். காப்புறுதி விஷயத்தில் பேங்க் என்ன பதில் எழுதுகிறது என்பதை இங்கே போடுங்கள்; பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். அடுத்த கடிதத்தில் எந்த வரியைப் பிடித்துக் கேட்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.